செய்கூலி, சேதாரம் தனி

வெளியூருக்குப் பணத்தைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி என்ற சிக்கலுக்கு விருத்தாசலம் கண்ட முதல் தீர்வு பெரிய புராணத்தில் இருக்கிறது. அன்றைக்குத் திருமுதுகுன்றம் எனப்பட்ட இந்த ஊரின் ஈசன் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகவில்லை. இங்கே மணிமுத்தாற்றில் போட்டார்; திருவாரூர் போய்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். ஆனாலும் முன்யோசனைக்காரர். தரம் சரிபார்க்க ஒரு துண்டுப் பொன்னை வெட்டிக் கையோடு வைத்திருந்தார். குளத்தில் இறங்கித் துழாவியபோது பொன் உடனே அகப்படவில்லை. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிற புருஷனைப் பார்த்துப் பரவையார் சிரித்தார். பாடிய பிறகு பொன் வந்தது. வந்த பொன்னில் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாட வேண்டியிருந்தது. ஒரு குடும்ப பட்ஜெட்டில் நடக்கக்கூடிய எல்லாமே இந்தக் கதையில் நடந்துவிடுகிறது, பக்கத்தில் நின்று சிரிக்கும் மனைவி உட்பட.

அதே ஊரில், செராமிக் தொழிற்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டில் இப்போது தீம் பார்க் பட்ஜெட் போடப்படுகிறது. வீட்டுக்காரர் அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் சிறு பட்டறைக்காரர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு முன்னால் தோண்டி எடுக்கிற களிமண்தான் இந்தத் தொழிலுக்கு மூலதனம். கார்த்திகை தீபம் முடிந்து கடைக்காரர்களின் பாக்கி வசூலாகிக் கையில் நாலு காசு நிற்கும் நேரத்தை ஒட்டியே பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறையும் வந்துவிடும். 2025 டிசம்பரில் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் 64 ஏக்கரில், 611 கோடி ரூபாய் முதலீட்டில் வொண்டர்லா பூங்காவைத் திறந்துவிட்டார்கள். முதலமைச்சர் திறந்து வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் அன்றைக்கே பிராது கொடுத்துவிட்டார்கள்.

பிராது என்பது இந்த ஊரில் சாதாரணமான சொல் அல்ல. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டால் முருகன் விசாரிப்பார் என்பது நம்பிக்கை. பிராது கட்டுபவரின் ஊர் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுப் படிப்பணம் கட்டும் வழக்கமும் அங்கே உண்டு. கடவுளுக்கே கிலோமீட்டர் கணக்கில் பயணப்படி கொடுத்துப் பழகிய ஊர்க்காரரால், சென்னைப் பக்கம் போய்வர ஒரு பட்ஜெட் போட முடியாமலா போய்விடும்?

போட்டார். நாற்பது பக்க நோட்டில், பட்டறைக் கணக்குக்குப் பின்பக்கம்.

தலைக்கு 1,489 ரூபாய் என்று பூங்கா திறந்தபோது ஆரம்பக் கட்டணம் அறிவித்திருந்தார்கள். வீட்டில் ஆறு பேர். அவர், மனைவி, பையன், பெண், அவருடைய அம்மா (பிள்ளைகளுக்கு ஆயா), அக்கா (பிள்ளைகளுக்கு அத்தை). எல்லாரையும் முழு டிக்கெட்டாக வைத்தால் 8,934 ரூபாய். இந்த எண்ணை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்:

"ஏங்க, எனக்கு மாசாமாசம் வர்ற ஆயிரத்தை இதுல சேத்துடாதீங்க. அது உரிமைத் தொகை."

2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டுக் குடும்ப பட்ஜெட்டுகளில் தொட முடியாத ஒதுக்கீடு அது ஒன்றுதான்.

அடுத்தது பிள்ளைகள் கணக்கு. இங்கேதான் இந்திய நிர்வாக முறையின் அழகு தெரியும். ரயில்வேக்குக் குழந்தை என்பது வயது. ஐந்துக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு முடிந்தால் முழு ஆள், நடுவில் தனி இருக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம். பூங்காவுக்குக் குழந்தை என்பது உயரம். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர். பையனுக்கு இப்போதுதான் பன்னிரண்டு முடிந்தது, உயரம் 139. ஆக அவன் விருத்தாசலம் ஜங்ஷனில் பெரிய மனிதனாக ரயிலேறி, இள்ளலூர் வாசலில் குழந்தையாக இறங்குவான்.

மனைவிக்கு இதில் ஏக மகிழ்ச்சி. பையனுக்கு இல்லை. தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுழற்றும் பெரிய ராட்டினங்களில் ஏற 140 சென்டிமீட்டர் வேண்டும் என்று அவன் எங்கோ படித்துவிட்டான். அன்றிலிருந்து கதவு நிலையில் பென்சில் கோடு போடுவதும், கம்பியில் தொங்குவதுமாக இருக்கிறான். வருஷமெல்லாம் "வளர மாட்டேங்கிறானே" என்று பாலில் மாவு கலக்கிக் கொடுத்தவள், இப்போது டிசம்பர் முடியும் வரை அவன் வளராமல் இருந்தால் தேவலை என்கிறாள்.

பட்டறைக்காரருக்குச் செலவு ஏறும் என்பது தெரியாததல்ல. அவர் தொழிலே அதுதான். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, பக்கங்களில் மண் படிந்ததும் மீதியைக் கவிழ்த்துக் கொட்டி, காயவைத்துச் சூளையில் வைத்தால் பச்சைப் பொம்மை சுருங்கும். பத்தங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் அச்சைப் பத்தங்குலத்தில் செய்யக் கூடாது, பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கு மேல் சூளையில் விரிசல் விடுகிறவை, தும்பிக்கை முறிகிறவை என்று ஒரு சேதாரமும் வைக்க வேண்டும். ஆகவே நோட்டிலும் கடைசி வரியாகச் சேதாரம் என்று எழுதிப் பத்து சதவீதம் போட்டார். சூளைக்குப் போகிற பொருள் சுருங்கும், ஊருக்குப் போகிற செலவு விரியும் என்ற வித்தியாசத்தை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

முதல் விரிசல் சாப்பாட்டில் விழுந்தது. ஆயா புளியோதரைக்கு மிளகாய் கிள்ள ஆரம்பித்திருந்தார். பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது என்றதும் அவருக்கு நம்ப முடியவில்லை. "சோறு கொண்டாந்தா புடிச்சுக் கொடுத்துடுவானுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. சினிமா தியேட்டர் விஷயத்தில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கு எடுத்துவரும் உணவைத் தடுக்கக் கூடாது. விசாரணையில் தலைமை நீதிபதி சந்திரசூட், ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டு விரலை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்ற பொருளில் கேட்டார். புளியோதரையைப் பற்றி யாரும் வாதாடவில்லை. ஆயாவை வக்கீலாக வைத்திருந்தால் வேறு மாதிரி போயிருக்கும்.

இரண்டாவது விரிசல் துணியில். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடுப்பு, புடவை, வேட்டி எதுவும் ஆகாது. நைலான் வகையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் யாரிடமும் கிடையாது. அங்கேயே வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். "ஊரான் போட்டுக் குளிச்சதை நான் போடணுமா?" என்று அத்தை கேட்ட அந்த நொடியில் வாடகை வரி அடிக்கப்பட்டு, விலை வரி எழுதப்பட்டது. மூன்றாவது, பைகளை வைக்கும் பெட்டகத்துக்கு வாடகை. நான்காவது, வரிசையில் நிற்காமல் முன்னால் போக அதிக விலையில் தனி டிக்கெட். இதைப் பையன் விளக்கியபோது அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது.

"சிறப்பு தரிசனம்னு சொல்லேன்."

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தீம் பார்க்குகளுக்கு 28 சதவீதம் போட்டார்கள். பூங்காக்காரர்கள் அலறியதில் 2018 ஜனவரியில் 18 ஆனது. ரங்கராட்டினத்துக்கும் அதே கணக்குத்தான். மண் அகல் விளக்குக்கு வரி இல்லை என்பது வீட்டுக்காரருக்குப் பிடித்த விஷயம். வெளிச்சம் இலவசம், தலைசுற்றலுக்குத்தான் வரி என்பார்.

தமிழ்நாட்டில் தீம் பார்க் தொழிலை வளர்த்தவர்கள் பலரும் வேறு ஏதோ விற்றுவிட்டு வந்தவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோல்டன் பீச் அமைத்த வி.ஜி.பி. குழுமத்தின் வி.ஜி. பன்னீர்தாஸ், ரேடியோவையும் வீட்டுப் பொருள்களையும் தவணையில் விற்று நடுத்தர வர்க்கத்துக்கு மாதத் தவணை என்ற பழக்கத்தை ஏற்படுத்தியவர். 1995இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்து எல்லார் மூக்கிலும் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டியவர். வொண்டர்லாவின் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, வி-கார்டு ஸ்டெபிலைசர்காரர். 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஆரம்பித்தார். மின்சாரம் ஏறி இறங்கினால் பொருள் கெடும் என்று ஸ்டெபிலைசர் விற்றவர், மனிதனை ஏற்றி இறக்கினால் காசு வரும் என்று கண்டுகொண்டது பெரிய விஷயம்தான்.

ஆனால் குடும்ப பட்ஜெட்டின் கழுத்தில் உண்மையில் கை வைத்தது இவர்கள் யாருமல்ல, ஒற்றை டிக்கெட் முறை. மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில் திருவிழாவில் ராட்டினம் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. "இதோட சரி, இனிமே கெடையாது" என்று அப்பா சொல்ல அங்கே ஆறேழு சந்தர்ப்பம் கிடைக்கும். பாக்கெட்டில் ஐந்நூறு ரூபாயோடு போனவர் ஐம்பது ரூபாயாவது மீதியோடு திரும்புவார். டிஸ்னிலேண்டும் 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அனஹைமில் திறந்தபோது இப்படித்தான் இருந்தது. உள்ளே நுழைய ஒரு டாலர், ராட்டினங்களுக்குத் தனி. பிறகு ஏ, பி, சி என்று தரம் பிரித்து டிக்கெட் புத்தகம் போட்டார்கள். 1959இல் மிகச் சிறந்த ராட்டினங்களுக்கு 'ஈ' டிக்கெட் வந்தது. 1982இல் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே டிக்கெட்.

இதற்கு நடுவே 1971இல் வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர், கண்பார்வை இழந்தவர், டிஸ்னிலேண்ட் எப்படிக் கட்டணம் வைத்தால் லாபம் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரையே எழுதினார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரசனைக்காரர்கள் என்றால், ராட்டினத்துக்கு அதை ஒரு தடவை கூடுதலாக ஓட்ட ஆகும் செலவை மட்டும் வாங்கு. அவர்கள் அடையப்போகும் இன்பத்தின் மதிப்பு முழுவதையும் வாசலிலேயே நுழைவுக் கட்டணமாக உருவிக்கொள் என்பது அதன் சாரம். ஒரு குடும்பத் தலைவனின் "இனிமே கெடையாது" என்ற வசனத்தை இதைவிட நயமாக யாரும் பறித்ததில்லை.

வாசலில் மொத்தமாகக் கட்டியபின் மனிதன் வேறு பிராணி ஆகிவிடுகிறான். இள்ளலூரில் 43 விளையாட்டுகள் என்று அறிவிப்பு. பட்டறைக்காரர் 1,489-ஐ 43-ஆல் வகுத்தார். ஒன்றுக்கு 34 ரூபாய் 63 காசு. இருபது மட்டும் ஏறினால் 74 ரூபாய். பத்தில் நிறுத்திக்கொண்டால் கிட்டத்தட்ட 149. ஆகவே ஒவ்வொருவரும் குறைந்தது முப்பதாவது ஏறியாக வேண்டும் என்று தீர்மானம் போட்டார். காலை டிபன் வரிசைக்கு இத்தனை நிமிஷம், மதியச் சாப்பாடு நின்றுகொண்டே என்று அட்டவணையும் எழுதினார். பொம்மைச் சூளைக்குக்கூட அவர் இவ்வளவு கறாராக நேரம் குறித்ததில்லை.

"ஜாலியா இருக்கத்தானப்பா போறோம்?" என்று சின்னப் பெண் கேட்டாள்.

"ஜாலியா இருக்கணும்னா முப்பது ஏறணும்" என்றார்.

ஆயா அதுவரை மிளகாயைக் கிள்ளிக்கொண்டேதான் இருந்தார். திருப்போரூர் பக்கத்தில் என்று பேச்சில் அடிபட்டதும் கை நின்றது. "கந்தசாமி கோயில் இருக்கிற திருப்போரூரா?" அதேதான் என்றார்கள். அப்படியானால் தனக்குப் பூங்கா வேண்டாம், கோயிலில் விட்டுவிடுங்கள், மண்டபத்தில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருப்பதைச் சொல்லிப் பார்த்தார்கள். முருகனிடம் சலுகையே வேண்டாம், இலவசம் என்றார். பட்டறைக்காரர் சந்தோஷமாக ஒரு டிக்கெட்டை அடித்தார். மறுநிமிஷமே மனைவி கேட்டாள்:

"அப்ப பையை யார் பாத்துக்குறது?"

ஆயாவை நம்பித்தான் பெட்டக வாடகை வரி அடிக்கப்பட்டிருந்தது. அது மறுபடி எழுதப்பட்டது. ஆயாவைத் தனியாக எப்படி விடுவது என்று அத்தையும் கோயிலுக்கு மாறினார். நைலான் உடுப்பில் இரண்டு குறைந்தது. ஆறு பேர் நாலு பேர் ஆனதில் மனைவிக்கும் யோசனை வந்தது. செங்கல்பட்டில் இறங்கித் திருப்போரூருக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை, 2021இலிருந்து அப்படித்தான். அங்கிருந்து மாமல்லபுரமும் பக்கம். மூன்று பொம்பளைகளும் சாமி கும்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பூங்கா வாசலுக்கு வந்துவிடுகிறோம் என்றாள். செலவு பாதியாகக் குறைந்துவிட்டதே என்று பட்டறைக்காரர் கூட்டிப் பார்த்துச் சிரித்தார்.

பையன்தான் சிரிக்கவில்லை. சின்ன உயரக்காரர்கள் ஏறும் சிலவற்றில் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும் என்ற விதியை அவன் மெதுவாக வாசித்துக் காட்டினான். பெரியவர் என்று இப்போது பட்டியலில் இருப்பது அப்பா ஒருவர்தான். ரயிலில் பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்தாலே உளுந்தூர்பேட்டைக்குள் தலை சுற்றுகிற அப்பா. பெண்ணோடு பதினைந்து, பையனோடு பதினைந்து.

மனைவி நோட்டை வாங்கினாள். சேதாரம் என்ற தலைப்புக்கு நேராக, வாந்தி மாத்திரை ரெண்டு அட்டை என்று எழுதிவிட்டு, விலை கேட்க மருந்துக் கடைக்குப் பையனை அனுப்பினாள்.