தனிப்பேர் தகப்பன்

மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான ஸ்ரீவில்லிபுத்தூரில். இவர் ராஜபாளையத்தில். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோடு. சாயங்காலம் பஞ்சு மார்க்கெட்டில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு ஒருவர் வந்தால், கடன்காரருக்குப் பதில் சொல்லிப் பழகுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேர் தேடுகிறார்.

பேர் கிடைக்காமல் தேடவில்லை. கிடைத்த பேரை விட்டுவிட்டுத் தேடுகிறார். இந்த வகையறாவின் லட்சணமே அதுதான். கல்யாணத்துக்கு முன்பே ‘பொண்ணு பிறந்தா யாழினி’ என்று முடிவு செய்து வைத்திருந்தவர். மனைவியின் வளைகாப்பு நடந்த மண்டபத்தில் யாரோ ஒரு தாய், “யாழினி, ஓடாத!” என்று கத்த, மூன்று குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தன. அன்றோடு அந்தப் பேர் இவருக்குக் கசந்துவிட்டது.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் என்பதால் இடதுபக்கம் வரவு, வலதுபக்கம் தள்ளுபடி. வரவில் யாழ்மொழி, யாழிசை, மகிழினி, நிலா, இதழினி, ஆதிரை. தள்ளுபடியில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ‘நிலா: எதிர்வீடு.’ ‘மகிழினி: சூப்பர்வைசர் மச்சினன் மகள்.’ ‘ஆதிரை: நல்ல பேர், ஆனால் திருவாதிரையில் பிறக்க வேண்டும்.’ யாழிசைக்கு எதிரே ‘பரிசீலனை’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘மேலத்தெரு, போன மாசம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். யாழினி வேண்டாம் என்று ஓடிவந்த அப்பாக்கள் எல்லாரும் ஒரே சந்துக்குள்தான் நுழைகிறார்கள். இன்னும் இரண்டு வருஷத்தில் அதே மண்டபத்தில் “யாழிசை!” என்று கூப்பிட்டாலும் மூன்று பேர் திரும்புவார்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

அவருடைய நிபந்தனைகளைக் கேட்டால் தலை சுற்றும். அந்தப் பேர் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது, ஆனால் சொன்னவுடன் யாரும் “என்னது?” என்று கேட்கவும் கூடாது. சுத்தத் தமிழாக இருக்க வேண்டும், பாட்டி காலத்துப் பேராகத் தெரியக் கூடாது. வடமொழி ஆகவே ஆகாது, ஆனால் கடைசியில் ஒரு ‘ஷ்’ சத்தம் வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்னால் ‘டாக்டர்’ போட்டால் எடுப்பாக இருக்க வேண்டும், பின்னால் ‘ஐ.ஏ.எஸ்.’ போட்டாலும் ஒட்ட வேண்டும். பேரைச் சோதித்துப் பார்க்க மொட்டைமாடியில் நின்று தெருவைப் பார்த்துக் கூப்பிடுவதும் உண்டு. அப்படி ஒருநாள் “இதழினி!” என்று கூப்பிட, கீழே வீட்டு ஓனர் கட்டிப்போட்டிருந்த நாய் எழுந்து வாலாட்டியது. இதழினியும் தள்ளுபடி.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. ராஜபாளையம் நாய்க்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஊர்ப் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டு 2005-ல் இந்தியத் தபால்தலையிலும் ஏறிவிட்டது. அத்தனை நாய்க்கும் ஒரே பேர். எந்த நாயும் இதற்காக மனம் நொந்ததாகத் தகவல் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் விசாரணை ஆரம்பம். ஐஸ்லாந்தில் பட்டியலில் இல்லாத புதுப் பேரை வைக்க வேண்டுமானால் அதற்கென்றே இருக்கும் அரசுக் குழு ஒப்புதல் தர வேண்டும். செல்போனில் இதைப் படித்துவிட்டு இவர், “பாவம் அந்த ஊர்க்காரங்க” என்றார். இங்கே சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு டீச்சர், பால் ஊற்ற வருகிறவர் எல்லாரும் குழு உறுப்பினர்கள்தான். ஒருவர் தலையாட்டினால் இன்னொருவர் முகத்தைச் சுளிப்பார்.

மாமியார் மட்டும் ஒரே பேச்சில் நின்றார். “மாப்ளே, இந்த ஊர்ல பொறந்த புள்ள. ஆண்டாள்னு வைங்களேன். என்ன கொறச்சல்?”

“அது ரொம்பக் காமன் அத்தே.”

“எங்க காமனு? நம்ம தெருவுல எந்தப் புள்ளைக்கு இருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

இவர் யோசித்தார். வரும் வழியில் அந்தப் பேரைப் பூக்கடையில் பார்த்தார், எலக்ட்ரிக்கல் கடையில் பார்த்தார், டிரைவிங் ஸ்கூல் போர்டில், ஆட்டோவின் முதுகில், பால்கோவா டப்பா மூடியில் பார்த்தார். அந்தப் பேருள்ள ஆளாக யோசித்தால், மனைவியின் பெரிய பாட்டி ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. கடைக்கு வைக்கப் பெருமைப்படுகிற பேரைக் குழந்தைக்கு வைக்க இந்தத் தெருவே கூச்சப்படுகிறது. இவர் தேடுகிற அபூர்வப் பேர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை இரண்டு பக்கமும் போர்டு போட்டு நிற்கிறது. இவர்தான் நோட்டைப் புரட்டுகிறார்.

“சரி அத்தே, கோதைன்னு வைப்போமா?” என்று ஒருமுறை இறங்கி வந்தார். மாமியார் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஜோசியர் வந்து சேர்ந்தார். குழந்தைக்குப் பூர நட்சத்திரம். பூரத்துக்கு மோ, ட, டி, டு. இந்த நாலு எழுத்தில் ஒன்றில்தான் பேர் தொடங்க வேண்டும் என்றார். சுத்தத் தமிழ்ப் பேர் தேடிய மனிதருக்கு விழுந்த அடி இது. தமிழில் எந்தச் சொல்லும் ‘ட’வில் தொடங்காது, தொல்காப்பியர் காலத்திலிருந்து அதுதான் இலக்கணம். மீதி இருப்பது ‘மோ’. அதில் மோகனா தெருவுக்கு ஒன்று. ‘டி’யில் டிம்பிள் இருக்கிறது என்று மச்சினன் உதவிக்கு வந்தான். இவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் காபி எடுத்துவர உள்ளே போய்விட்டான்.

மூலையில் சாய்வு நாற்காலியில் கிடந்த மனைவியின் தாத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஆண்டாளும் ஆடிப் பூரந்தான்யா. பெரியாழ்வார் மோ, ட, டி, டு பாத்தா வச்சாரு? துளசித் தோட்டத்துல எடுத்தாரு, கோதைன்னாரு, முடிஞ்சது சோலி.”

ஜோசியர் அசரவில்லை. “அந்தம்மாவுக்கு மாப்பிள்ளை ரெங்கமன்னார்னு ஆயிருச்சு. நம்ம புள்ளைக்குப் பொருத்தம் பாக்கணும்ல?”

தாத்தாவும் விடுகிற ஆள் இல்லை. பேர் வைப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்வது இந்த ஊரில் பழைய வழக்கம். பெரியாழ்வாரே தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க இதற்கு ஒதுக்கியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் தலைக்கு எண்ணெய்க்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைக்குக் கண்டவர் பேரை வைக்கும் பெற்றோரை வறுத்தெடுக்கிறார். நாராயணன் பேரை வையுங்கள், அந்தத் தாய் நரகம் போக மாட்டாள் என்று உத்தரவாதமும் தருகிறார். வசதியான சொந்தக்காரர் பேரை வைத்தால் ஏதாவது கிடைக்கும் என்ற கணக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே நடப்பில் இருந்திருக்கிறது. தாத்தா இதையெல்லாம் விளக்கி முடித்ததும் இவர் கேட்டார்: “யாருக்கும் இல்லாத பேரு வேணும்னு அலையறவங்களைப் பத்தி ஏதாச்சும் சொல்லிருக்காரா தாத்தா?”

“அப்ப அந்த நோய் கெடையாது மாப்ளே.”

இன்னொன்றையும் தாத்தா சொன்னார். தகப்பன் வைத்த பேர் கோதை, ஊர் கூப்பிடுவது ஆண்டாள். பெரியாழ்வார் வைத்த பேரே இரண்டாம் இடத்துக்குப் போன ஊரில், கணக்குப்பிள்ளை வைக்கும் பேர் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ராஜபாளையம் திரும்பிய ராத்திரி ஒரு திருப்பம். வீட்டு ஓனரம்மா தெலுங்கு பேசுகிறவர், படித்தவர். ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயரே தெலுங்கில் காவியமாகப் பாடியிருக்கிறார், அதன் பேர் ‘ஆமுக்தமால்யதா’ என்று பேச்சுவாக்கில் சொன்னார். இவர் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. மால்யதா! ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிறது, புதுசாகவும் இருக்கிறது, ஒருவருக்கும் இல்லை. வடமொழி ஆயிற்றே என்ற நிபந்தனை அந்த நிமிஷமே ரத்து. நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

“ஏங்க, புள்ள இப்பத்தான் தூங்குச்சு. காலைல பேசுவோமா?”

காலையில் போனை எடுத்தவர் மாமியார். “மாலாவா? தாராளமா வைங்க மாப்ளே. எங்க காலத்துல வகுப்புக்கு நாலு மாலா இருப்பாளுக.”

மால்யதா தள்ளுபடிப் பக்கம் போனாள். காரணம் எழுதவில்லை.

இவருடைய அம்மா பேர் மாரியம்மாள். இந்த மாவட்டத்தில் இருக்கன்குடி மாரியம்மன் தயவில் மாரியம்மாளும் மாரீஸ்வரியும் இல்லாத தெருவைக் காட்டுவது சிரமம். அதனால் யாரும் குழம்பிப் போனதில்லை. நெட்டை மாரி, மில்லு மாரி, கிணத்தடி மாரி, டீக்கடைக்காரர் மாரி. பேர் பொது, அடைமொழிதான் தனி. ஊரே உட்கார்ந்து யோசித்துத் தருகிற அடைமொழி அது, காசு கேட்காது, தப்பாகவும் இருக்காது. முறைப்படி பேத்திக்குப் பாட்டி பேர்தான் வைக்க வேண்டும். அதில் உள்ள ஒரே சிக்கல் மருமகளுக்கு. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, “ஏ மாரி, சனியனே, எந்திரி!” என்று பிள்ளையைத் திட்ட முடியுமா? அதனால்தான் அந்தக் காலத்தில் பதிவேட்டில் பாட்டி பேரும், வீட்டில் ராசாத்தியும் பாப்பாவுமாக இருந்தார்கள்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டார். “எம் பேரெல்லாம் எதுக்குப்பா, அது பழைய பேரு” என்றார் அம்மா, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. சொல்லிவிட்டு உருவின காம்பையே திரும்பவும் உருவினார். ‘வைக்காமப் போயிருவியா?’ என்பதும் அந்தப் பதிலில் இருந்தது. இவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு நோட்டில் ‘அம்மா: ஆட்சேபணை இல்லை’ என்று எழுதினார். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவின் மௌனத்தைப் படிக்கத் தெரியாதவர், பொண்ணுக்குப் பேர் வைத்து என்ன கிழிக்கப் போகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்போதைக்குக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு, தாயின் பேரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரசவ வார்டில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் அதே ‘பேபி ஆஃப்’தான். ஊரிலேயே ஒருவருக்கும் இல்லாத பேர் வேண்டும் என்று நின்றவரின் மகளுக்கு ஊரிலேயே அதிகம் பேருக்கு உள்ள பேர் அமைந்துவிட்டது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அது ஆஸ்பத்திரி மூலமாகவே முடிந்துவிட்டது, பேருக்கான இடம் மட்டும் காலி. ஒரு வருஷத்துக்குள் போனால் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வந்திருக்கிறார். அந்த ஒரு வருஷக் கெடுவை நம்பித்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் பொறுமையாக இருக்கிறார்கள். தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருஷம் வரை அவகாசம் உண்டு என்பது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.