வைவா வீரர்

பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவு இருந்தால், அங்கே ஒரு வைவா வீரரும் இருப்பார். செமஸ்டர் முடிவில் செய்முறைத் தேர்வன்று தரிசனம் தருவார். டக்-இன் செய்த சட்டை, பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு, நெற்றியில் திருநீறு. நோட்டிலுள்ள புரோகிராம்களில் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை. ஆனால் அத்தனைக்காகவும் வாதாடத் தயாராக வந்திருப்பார்.

எழுதியவர் அறைத் தோழர். நம்மவருடையது அசல் ஈயடிச்சான் காப்பி. தோழர் கைதவறி 'பேக்டோரியலை' 'பேக்ட்ரோயல்' என்று அடித்திருந்தால், இவரும் பயபக்தியோடு அப்படியே அடிப்பார். மாற்றுவது மாறிகளின் பெயரை மட்டும்: 'ஏ' இருந்த இடத்தில் 'எக்ஸ்'. அதிலும் ஐந்தாம் வரியில் மாற்றியதை ஒன்பதாம் வரியில் மறந்துவிட்டு, கம்பைலரிடம் திட்டு வாங்குவார். பெயர் மாற்றினாலும் காப்பியைக் கண்டுபிடிக்கிற 'மாஸ்' என்ற மென்பொருள் 1994லேயே வந்துவிட்டது. நம்ம ஊர் எக்ஸ்டர்னலுக்கு அதெல்லாம் வேண்டாம். 'பேக்ட்ரோயல்' ஒன்றே போதும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் அறைத் தோழர்களின் மவுசு கொஞ்சம் குறைந்தது. அது எழுத்துப் பிழை விடாது. அதனால் இப்போதெல்லாம் பிழையே இல்லாத புரோகிராமைக் கண்டால்தான் ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எப்படியானாலும் கடைசியில் வாயைத் திறந்து பேசித்தான் ஆக வேண்டும். அங்கேதான் நம்மவரின் ராஜ்ஜியம் தொடங்குகிறது.

சில லேப்களில் இன்னும் உயிரோடிருக்கும் டர்போ சி-யின் நீலத்திரை முன்னால், வேறு கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் கேட்கிறார்:

"கடைசி வரியில இந்த 'கெட்ச்' எதுக்குப்பா?"

விடை வந்த வேகத்தில் மறைந்துவிடாமல், ஒரு விசையைத் தட்டும்வரை திரையை நிறுத்திவைப்பதற்கு. நம்மவர் சொல்லும் காரணம் அதைவிட உண்மையானது.

"அது இல்லேன்னா லேப் மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க சார்."

"ரிகர்ஷன்னா என்ன?"

"ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுறது சார்." இது மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்குமே, எப்ப நிக்கும்?"

"வேலை முடிஞ்சதும் நின்னுடும் சார்."

இதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? எக்ஸ்டர்னல் கடைசி அஸ்திரத்தை எடுக்கிறார். "சரி, 7 கொடு." 5040 வருகிறது. "இப்ப 8 கொடு." திரையில் மைனஸ் 25216.

டர்போ சி-யில் 'இன்ட்' என்பது 16 பிட். 32767-க்கு மேல் அதில் கொள்ளாது. 8-இன் பேக்டோரியலான 40320 அதில் வழிந்து, எதிர்மறை எண்ணாக வந்து நிற்கிறது. நம்மவர் அதை ஒரு கணம் உற்றுப் பார்க்கிறார். முகத்தில் கலக்கமில்லை, வருத்தம்தான்.

"காலையிலேர்ந்தே இந்த சிஸ்டம் சரியில்ல சார்."

"அப்ப பக்கத்து சிஸ்டத்துல போட்டுக் காட்டு."

"அதுவும் இதோட சேர்த்து வாங்கினதுதான் சார்."

எக்ஸ்டர்னலுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த கையோடு மார்க்கைக் குறைக்க மனம் வருமா? வெளியே இன்னும் பாதி வகுப்பு நிற்கிறது. சாப்பாட்டு நேரமும் நெருங்குகிறது. மார்க் விழுகிறது.

அடுத்து அறைத் தோழர். அதே புரோகிராம், அதே 8, அதே மைனஸ். "ஏன் இப்படி வருது?"

தோழருக்கு விடை தெரியும். தெரிந்ததுதான் வினை. "அது கம்பைலரைப் பொறுத்தது சார்... இன்ட்டுக்கு ரெண்டு பைட்டா, நாலு பைட்டான்னு... நாலா இருந்தா 12 வரைக்கும் சரியா வரும்... இல்ல, டைப்பை மாத்தினா..." என்று நெற்றியைச் சுருக்கி, நகத்தைக் கடித்து, மேலே பார்த்துக் கணக்குப் போடுகிறார்.

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடுப்பா. நேரமாச்சு."

வாடிய முகத்தோடு வெளியே வந்த தோழரின் தோளில் கைபோட்டு, நம்மவர் அக்கறையோடு சொல்கிறார்: "இதுக்குத்தான் மச்சான், ராத்திரியெல்லாம் புரோகிராம் எழுதிட்டு உக்காராம, வைவாவுக்குக் கொஞ்சம் படின்னு சொன்னேன்."