வக்கீல் இருக்கிறார், உனக்குத்தான் இல்லை

தம்பி, வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். காலை ஒன்பதுக்கு மீட்டிங், ஒன்பதே காலுக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டதாமே. பக்கத்து சீட்டு அமெரிக்கனுக்கும் அதே கதிதான். ஆனால் அவன் வேலையில்லாக்காலப் பணத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இந்நேரம் மீன் பிடிக்கப் போயிருப்பான். எச்-1பி விசாவில் இருக்கிற உனக்கு 60 நாள். வேலை நாள் கணக்கெல்லாம் இல்லை. சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்துத்தான் 60. அதற்குள் இன்னொரு முதலாளி உன் பெயருக்கு மனுப் போட வேண்டும். இல்லையென்றால் வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம், குளிருக்குப் பயந்து தொட்டியோடு உள்ளே தூக்கி வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் செடி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும். 2017-க்கு முன்னால் இந்த 60-கூடக் கிடையாது. ஆகவே நன்றியுள்ளவனாக இரு.

வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்டாய். தாராளமாகப் பார். ஆனால் இத்தனை வருஷமாக ‘எங்க அட்டர்னி’, ‘எங்க அட்டர்னி’ என்று பெருமையாகச் சொல்லிவந்தாயே, அவரிடம் மட்டும் போகாதே. அவர் கம்பெனியின் வக்கீல். ஃபீஸ் கொடுப்பது கம்பெனி, மனுதாரர் கம்பெனி, ஒப்புதல் கடிதம் போய்ச் சேருவதும் கம்பெனிக்கும் அவருக்கும்தான். உன் கல்யாணப் பத்திரிகை, உன் பெண்டாட்டியின் இனிஷியல் ஏன் மாறியது என்பதற்கான விளக்கம் எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். நீ மட்டும் இருக்க மாட்டாய். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி உன் பெயரில் போட்ட ஐ-140 மனுவின் ஒப்புதல் நகலைக் கேட்டுப் பார்; ‘அது கம்பெனியின் ஆவணம்’ என்று மரியாதையாகப் பதில் வரும். உன் வாழ்க்கையைப் பற்றி அரசாங்கம் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறான் நம் ஆள். இதைத்தான் ஊரில் உன் அப்பா ‘பையன் லாயரெல்லாம் வெச்சிருக்கான்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

புது முதலாளி கிடைத்தாலும் கிரீன் கார்டு வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசையில் உன் பழைய தேதி பெரும்பாலும் உன்னோடு வரும். ‘லேபர்’ மட்டும் வராது. லேபர் என்றால் பெர்ம், பெர்ம் என்றால் நாடகம். இந்த நாடகத்தை நீ கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். உன் வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பார்கள். ஆமாம், அச்சடித்த செய்தித்தாளில். கிளவுட் ஆர்க்கிடெக்ட் வேலைக்கு, மரண அறிவிப்புக்கும் பழைய கார் விற்பனைக்கும் நடுவே நாலு வரி. பிறகு உன் பதவியையும் சம்பளத்தையும் ஒரு தாளில் அச்சடித்து, காபி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் பத்து வேலை நாள் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் தொழிலாளர் துறைக்கு எழுதலாம் என்று அதன் கீழே விலாசமும் இருக்கும். நீ தினமும் அதே மெஷினில் காபி பிடித்துக்கொண்டு, உன் சம்பளத்தை உன் மேனேஜர் நின்று படிப்பதைப் பார்க்காத மாதிரி போக வேண்டும்.

இந்த நாடகத்தில் பிழைப்பு யாருக்கு? வக்கீலுக்கு, பேப்பர்க்காரனுக்கு. வேலை தேடி உண்மையாகவே விண்ணப்பித்த அமெரிக்கனுக்குப் பட்டை நாமம். பெரிய கம்பெனிகள் மற்ற வேலைகளுக்கெல்லாம் இணையத்தில் ஆள் எடுத்துவிட்டு, இந்த வேலைகளுக்கு மட்டும் தபாலில் விண்ணப்பம் அனுப்பச் சொன்னதை நீதித் துறை கண்டுபிடித்தது. 2021-ல் ஃபேஸ்புக் 1.425 கோடி டாலர் வரை கொடுப்பதாகவும், 2023-ல் ஆப்பிள் 2.5 கோடி டாலர் வரை கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டன. உலகத்துக்கே ஐபோன் விற்கிறவன் ஸ்டாம்ப் ஒட்டிய கவரில் பயோடேட்டா கேட்டிருக்கிறான். அமெரிக்கனுக்கு இதில் கோபம் வருமா வராதா? வரும். யார் மேல்? உன் மேல். அந்த வசதிக்காகத்தானே உன்னை வைத்திருக்கிறார்கள்.

சரி, லேபர் முடிந்தது, ஐ-140 முடிந்தது என்றே வைத்துக்கொள். அடுத்தது வரிசை. வேலைவழி கிரீன் கார்டு வருஷத்துக்கு ஏறத்தாழ 1,40,000; மனைவி மக்களும் அதில் அடக்கம். எந்த நாட்டில் பிறந்தவருக்கும் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. 1990-ல் போட்ட சட்டம். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடவில்லை. நம் திருநெல்வேலி மாநகராட்சிக்குள்ளேயே அதைவிடக் கூட்டம். அந்த ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. சமத்துவமென்றால் இதுவல்லவா சமத்துவம்! 2025 கடைசியில் வந்த விசா புல்லட்டினில்கூட இபி-2 பிரிவின் இந்திய வரிசை 2013-ல் சேர்ந்தவர்களைத் தாண்டவில்லை. இப்போது புதிதாகச் சேரும் இந்தியர் 134 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று கேட்டோ இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2023-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. ஆகவே நீ ஆரோக்கியமாக இரு, வாக்கிங் போ, உப்பைக் குறை.

இங்கேதான் வக்கீல் உனக்கு உண்மையிலேயே உதவக்கூடிய கேள்வியைக் கேட்பார். உன் படிப்பைப் பற்றியோ திறமையைப் பற்றியோ அல்ல. ‘மனைவி எங்கே பிறந்தார்?’ மன்னார்குடி என்றால் முடிந்தது கதை. குவைத், ரியாத், சிங்கப்பூர், யாழ்ப்பாணம் என்றால் வக்கீல் முகம் மலர்ந்துவிடும். மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் கணவனும் நிற்கலாம் என்று சட்டம் இருக்கிறது. மாமனார் எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போய்க் கஷ்டப்பட்டது, மாப்பிள்ளைக்கு நியூஜெர்ஸியில் பலிக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், பிரசவம் நடந்த ஆஸ்பத்திரி எந்த நாட்டில் என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால் பிள்ளையின் கதை இது: உன் பெண்ணை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்தாய். உன் தேதி வருவதற்குள் அவளுக்கு 21 ஆகும். ஆனதும் உன் மனுவிலிருந்து கழன்றுகொள்வாள். பிறகு அவள் வளர்ந்த ஊரிலேயே, அவள் படித்த பள்ளிக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் கல்லூரியில், வெளிநாட்டு மாணவி என்று விசா வாங்கிக்கொண்டு படிக்கலாம்.

இந்த 7 சதவீதத்தை எடுக்க முயற்சி நடக்கவில்லையா என்று கேட்பாய். நடந்தது. 2019-ல் அதற்கான மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. 2020-ல் செனட்டிலும் வேறு வடிவத்தில் நிறைவேறியது. இரண்டு வடிவமும் ஒன்று சேரவில்லை, செத்தது. அவ்வளவுதான்.

அவசரத்தில் நீ கன்சல்டன்சி நடத்தும் நம்மாளிடம்தான் போய் நிற்பாய், எனக்குத் தெரியும். பெயர்ப் பலகையில் ‘குளோபல்’ என்றோ ‘சொல்யூஷன்ஸ்’ என்றோ இருக்கும். ஆபீஸ், பல் டாக்டருக்கு மேல் மாடியில். ‘வாங்க தம்பி, எந்த ஊரு? அட, நம்ம மாயவரமா! சாப்டீங்களா?’ ஊர்ப் பாசம் ஓய்ந்ததும் ஒப்பந்தத்தை நீட்டுவார். கிளையண்ட் கிடைக்கும்வரை பெஞ்ச். பெஞ்சில் சம்பளம் கிடையாது. விசா மனுச் செலவு உன் கணக்கில் பிடித்தம். நடுவில் விட்டுப் போனால் அபராதம். மூன்றும் சட்டவிரோதம் என்று அவருக்கும் தெரியும். தொழிலாளர் துறைக்குப் புகார் எழுத டபிள்யூஎச்-4 என்று ஒரு படிவம் இருக்கிறது. பத்துக் காசு செலவில்லை, வக்கீலும் வேண்டாம், 12 மாதத்துக்குள் போட்டால் போதும். புகார் கொடுத்தவனைப் பழிவாங்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரி, விசா அவர் கையில் இருக்கும்போது எவன் போடுவான்? இதற்குள் தை மாதம் வந்துவிடும். பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு போவாய். மேடைக்குப் பின்னால் பேனரில் அவர் படம், வைரப் புரவலர். திருக்குறள் ஒப்பித்த உன் மகனுக்கு அவர் கையால்தான் கோப்பை. மகன் ஒப்பித்தது கள்ளாமை அதிகாரம்.

அவரிடமும் போக மாட்டேன் என்றால், வக்கீல் கடைசியாக ஒரு வழி சொல்வார்: பி-2. அதாவது சுற்றுலாப் பயணி. வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளை பெற்ற ஊரில், 60-ஆம் நாளுக்குள் நீ ஒரு மனு எழுத வேண்டும்: ‘ஐயா, நான் இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன்.’ எதைச் சுற்றிப் பார்ப்பாய்? உன் வீட்டுக் கராஜையா? எழுது தம்பி, தவறாமல் எழுது; இந்த நகைச்சுவையில் நீ சிரிக்கக் கூடாது என்பதுதான் விதி.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு போட்டு அமிர்தசரஸில் இறக்கியதே, அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் என்ன பேசினோம்? ‘அவங்க இல்லீகல், நாம வரிசையில வந்தவங்க.’ 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேர் கைதட்ட, இரு நாட்டுத் தலைவர்களும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார்களே, அந்தத் தட்டலில் உன் கையும் உண்டுதானே? விலங்கோடு வந்தவர்களின் கதை உனக்குத் தெரியாது. நாடு கடத்தும் வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, சொந்தச் செலவில். காசில்லாதவனுக்கு அரசு வக்கீல் கொடுக்காது. குழந்தையாக இருந்தாலும் இதே விதி. விசாரிக்கும் நீதிபதி அட்டர்னி ஜெனரலின் கீழே வேலை பார்க்கிற உத்தியோகஸ்தர். குடிவரவு நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் இருந்த ஜாக் வீல் என்ற நீதிபதி, மூன்று, நாலு வயதுக் குழந்தைகளுக்கே குடிவரவுச் சட்டத்தைத் தான் சொல்லிக் கொடுத்திருப்பதாகவும், பொறுமை இருந்தால் அவர்களுக்குப் புரியும் என்றும் சத்தியப் பிரமாணத்தில் சொன்னார். 2016-ல் அது பத்திரிகையில் வந்தது. முப்பத்தெட்டு வயதில், எம்.எஸ். பட்டத்தோடு, உனக்குப் புரியாத சட்டம் அது. அந்தக் குழந்தைகளை ‘இல்லீகல்’ என்று சொன்ன வாயால்தான் இப்போது ‘இது அநியாயம் அண்ணா’ என்கிறாய்.

வரிசையில் வந்தவர்களுக்கு என்ன மரியாதை என்பது 2025 செப்டம்பர் 19 அன்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை. எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் என்று அதிபர் கையெழுத்திட்டார். வருஷா வருஷம் என்றார் வணிக அமைச்சர். ஊருக்குப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பிவிடுங்கள் என்று பெரிய கம்பெனிகளிடமிருந்து மெயில் பறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்தவர்கள் எழுந்து இறங்கினார்கள். மறுநாள் சாவகாசமாக வெள்ளை மாளிகை சொன்னது: ஒரே தடவைதான், புது மனுவுக்கு மட்டும்தான். நடுவில் போன ஒரு ராத்திரிக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பாய்? டிசம்பரில், சென்னை ஜெமினி மேம்பாலத்தடி அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங்குக்குத் தேதி வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, சமூக ஊடகக் கணக்கை ஆராய வேண்டும் என்று தேதியை மாதக்கணக்கில் தள்ளிப் போட்டார்கள். ஊருக்குப் போய் இப்படி மாட்டிக்கொள்ளப் பயந்துதானே நம்மில் பாதிப் பேர் அப்பாவின் காரியத்தை வீடியோ காலில் பார்த்தோம்.

அதே செப்டம்பர் 19-ல் இன்னொரு உத்தரவிலும் கையெழுத்தானது, அதையும் வக்கீலிடம் கேட்டு வை. கோல்டு கார்டு. அரசாங்கத்துக்கு 10 லட்சம் டாலர் அன்பளிப்பு கொடுத்தால் போதும். அந்தப் பணமே உன் அசாதாரணத் திறமைக்குச் சான்று. ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டாம், பரிசுப் பதக்கம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வேண்டாம், காபி மெஷின் சுவரும் வேண்டாம். ஊரில் வீட்டை விற்று, மாமனார் நிலத்தை விற்று, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி நீ அதைக் கட்டிவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கார்டும் இபி-1, இபி-2 என்ற அதே பழைய கணக்கிலிருந்துதான் எடுத்துத் தரப்படுகிறது. அந்தக் கணக்கில் அதே 7 சதவீதம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு கேட்பார்கள்: எங்கே பிறந்தாய்?