சங்கிலி போட்ட போத்தல்

மதிப்புக்குரிய கொள்வனவுப் பிரிவுப் பொறுப்பதிகாரி ஐயாவுக்கு,

அலவத்துகொடவிலிருந்து எழுதுகிறேன். சீனி வருத்தத்தால் காலில் வந்த புண்ணுக்காக எங்கள் வாப்பாவை உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஐந்து நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். கால் ஆறிவிட்டது. கனியுலா குத்திய கை வீங்கிச் சீழ் பிடித்ததில் பத்தொன்பது நாள் கிடந்தார்.

குறை சொல்ல வரவில்லை ஐயா, பாராட்டத்தான். கட்டில் தலைமாட்டில் கைக்குப் பூசும் மருந்துப் போத்தலைச் சங்கிலியால் கட்டி, பொருட்பதிவு இலக்கமும் எழுதியிருக்கிறீர்கள். போத்தலில் ஒரு சொட்டு இல்லை. சங்கிலி மட்டும் பளபளக்கிறது. குழாயடியில் மும்மொழி அறிவித்தல். தமிழில் 'கைகளை நழுவவும்' என்று இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அதன்படியே நடக்கிறார்கள்.

நேர்ஸ் மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். சவர்க்காரம் ஸ்டோரில், சாவி ஸ்டோர்கீப்பரிடம், அவர் லீவில்.

கைக்குப் பூசும் அந்த மருந்தின் செய்முறையை உலக சுகாதார நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது: நூற்றுக்கு 80 பங்கு எதனோல், கொஞ்சம் கிளிசரின், துளி ஹைட்ரஜன் பெரொக்சைட், மிச்சம் கொதித்தாறிய தண்ணீர். ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலக்கலாம். டெண்டருக்கு இடமில்லாததுதான் அதன் குறை போலும். நோயாளியைத் தொடுமுன், தொட்டபின் என்று கைகழுவ ஐந்து தருணங்களையும் அந்த நிறுவனம் வகுத்திருக்கிறது. ஐந்து வேளையும் தொழுகைக்கு ஒழுச் செய்து பழகிய வாப்பா, வீங்கிய கையைத் தலையணையில் வைத்தபடி கேட்டார்: "மகன், இவங்களுக்கு இன்னும் வக்து வரல்லயா?"

2023இல் நுவரெலியாவில் கண்புரை வெட்டியவர்களுக்கு, இறக்குமதி செய்த சொட்டு மருந்தால் தொற்றேறிப் பார்வை பாதிக்கப்பட்டது. கிருமிக்கும் டொலர் கொடுத்த காலம் அது. உங்கள் வாட்டில் எல்லாமே உள்ளூர் உற்பத்தி. கட்டில் கம்பியிலேயே வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் இனங்கள் உண்டாம். அந்நியச் செலாவணியை மிச்சம் பிடித்ததற்கு விருதொன்று தரலாம்.

கணக்காய்வுக் குழு வந்த அன்று போத்தல்கள் நிரம்பியிருந்தன. வான் கேட்டைத் தாண்டுமுன் ஒருவர் வாளியோடு வந்து எல்லாவற்றையும் திரும்ப ஊற்றிக்கொண்டு போனார். அவர் கை நன்றாக நனைந்தது. அந்தக் குழுவுக்கு எங்கள் வாட்டிலேயே ஒரு கட்டில் ஒதுக்க முடியுமா?

இப்படிக்கு,
பதினான்காம் கட்டில்காரரின் மகன்

பி.கு.: கட்டிலடியில் நாங்கள் வைத்திருந்த லைஃப்போய்க் கட்டியை யாரோ எடுத்துவிட்டார்கள். திருப்பித் தர வேண்டாம். வாட்டுக்குள்ளேயே பாவித்தால் போதும்.