நேர்ச் சந்திப்பில் 'டா' மறைதல்: ஓர் ஆய்வு

இணையத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிய இருவர் முதன்முறை நேரில் பார்த்துக்கொள்ளும்போது முதலில் பலியாவது எது? கற்பனை என்பர் சிலர். கைக்காசு என்பர் அனுபவப்பட்டோர். முதல் பலி 'டா' விகுதியே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். (அது விகுதியே அன்று என்று இலக்கணம் படித்தோர் சண்டைக்கு வரலாம். வரட்டும், நேரில் வந்தால் அவர்களையும் 'டா' போட முடியாது.)

இத்துறையின் மூத்த வழக்கு கோப்பெருஞ்சோழன் – பிசிராந்தையார் வழக்கு. பார்க்காமலே நட்பு வளர்த்தவர்கள். உறையூர்ச் சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிநாட்டிலிருந்து நண்பர் வருவார், இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான், அவரும் வந்தார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. வந்தவரிடம் அங்கிருந்த சான்றோர் என்ன கேட்டார்கள் என்பதைத்தான் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இத்தனை காலமாக உம்மைக் கேள்விப்படுகிறோம், உமக்கு நரையே இல்லையே என்று கேட்டார்கள். ஒருவர் உயிர்விடக் கிளம்பி வந்திருக்கிறார், இவர்கள் பார்த்தது தலைமயிரை! பிசிராந்தையார் சளைக்காமல் மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் என்று காரணம் அடுக்கிப் புறநானூற்றின் 191ஆம் பாட்டைப் பாடிவிட்டார். இன்றைய ஆசாமிக்கோ நிலைமை தலைகீழ். டிபியில் நரை இல்லை, ஆளிடம் இருக்கிறது. பாடித் தப்பிக்கவும் வழியில்லை.

ஆளை அடையாளம் காணும் சிக்கலை 1996இல் 'காதல் கோட்டை' படம் ஒரு ஸ்வெட்டரால் தீர்த்தது. சென்னை வெயிலுக்கு அது ஒத்துவராததால் நாங்கள் மெரினா காந்தி சிலையைத் தேர்ந்தோம்.

களஆய்வின் மாதிரி அளவு இரண்டு: நான் ஒருவன்; மூன்று வருடமாகப் புலிப் படத்தையே முகமாக வைத்திருந்தவர் இன்னொருவர். இளையராஜா பாட்டுகளுக்காகச் சண்டை போட்டே நெருங்கியவர்கள். 'போடா லூசு' இல்லாமல் எங்களுக்கு ஒரு ராத்திரி முடிந்ததில்லை.

2016இல் ஒரு ஞாயிறு மாலை. "சிலைகிட்டதான் நிக்கறேன்." "நானும் சிலைகிட்டதான்." போனைக் காதில் வைத்தபடி இருவரும் ஒரே திசையில் வலம் வந்ததால் இரண்டு சுற்று வீண். மூன்றாவதில் நான் சட்டென்று திரும்ப, எதிரே ஒரு பெரியவர். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, ஒரு கையில் மஞ்சப்பை, மறு கையில் பேத்தி. என் வாயில் 'டே' என்று கிளம்பிய சொல் 'டேங்க்ஸ் சார்' என்று முடிந்தது. எதற்கு நன்றி என்று இருவருக்கும் விளங்கவில்லை.

இந்த இடத்தில்தான் தமிழ் கைகொடுக்கிறது. 'நீ' என்றால் மரியாதை போச்சு. 'நீங்க' என்றால் மூன்று வருடம் போச்சு. "சாப்பிட்டாச்சா?" "வந்து ரொம்ப நேரமாச்சா?" "பஸ்லயா வந்தது?" "வீடு எந்தப் பக்கம்?" எல்லாம் ஆளே இல்லாத கேள்விகள். முன்னிலை என்ற ஒன்றைத் தொடாமலே முக்கால் மணி நேரம் ஓட்டினோம். அவரும் இதே தந்திரத்தைக் கையாண்டது குறிப்பிடத்தக்கது. நான் காலேஜ் பையன் என்று நினைத்திருந்தாராம். என் காதோர நரையைக் கண்டதும் அவர் விழுங்கிய 'டா'வை நான் கண்ணால் பார்த்தேன்.

சுண்டலுக்குக் காசு கொடுக்க நடந்த இழுபறி வழக்கமானதே, விரிக்கவில்லை. எழுத்தில் சொன்னபோது கண்ணீர் வழியச் சிரிக்கும் முகம் மூன்று வாங்கித் தந்த ஜோக்கை மறுபடி சொன்னேன். மூக்கால் "ஹ்ம்" என்றார். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இது எதிலும் அடங்காது.

அப்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்த லூசு அங்கிள் இவர்தானா?"

பெரியவர் சிலையை அண்ணாந்து பார்த்தார். "இது 1959ல வெச்சது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி பண்ணினது. அந்தப் பக்கம் இருக்கே, உழைப்பாளர் சிலை, அதுவும் அவர்தான்" என்றார். நானும் அண்ணாந்து பார்த்தேன். காந்தி எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

இரவு ஒன்பதே முக்காலுக்குப் புலியிடமிருந்து செய்தி: 'வீடு போயாச்சா?'

பதில் எழுதுவதற்குள் இன்னொன்று வந்தது: 'போயாச்சாடா?'