களைக்கு உரம்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். எங்கள் லண்டன் வீட்டுக்குள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஆமை, ஹெர்மன் என்ற இனம். அமீனா, ஒரு காகிதம்: இந்த ஆமையை விற்பவர் ‘ஆர்ட்டிகிள் 10’ என்று ஓர் அரசாங்கச் சான்றிதழையும் சேர்த்துத் தர வேண்டும். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கறாரான காகிதம் கிடையாது. “ஏண்டா, அங்க நாய் பூனை ஒண்ணும் கிடைக்கலையா?” என்று திருச்சியிலிருந்து அம்மா கேட்டாள். நம்மூரில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் நிஜ அமீனாவையே அனுப்பும் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

பெயர் இன்னும் வைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட் வளர்த்த ஆமைக்கு டிமோதி என்று ஆண் பெயர்; அது பெண் என்பது செத்த பிறகுதான் தெரிந்தது. நமக்கு எதற்கு அந்த வம்பு?

வில்லங்கமெல்லாம் சாப்பாட்டில்தான். லெட்டூஸும் தக்காளியும் போட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் இது தெற்கு ஐரோப்பாவின் காய்ந்த மலைச்சரிவில் களை மேய்ந்த வம்சம். நார்ச்சத்து நிறைய வேண்டும், புரதம் குறைய வேண்டும், கால்சியம் பாஸ்பரஸைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். பழம் கொடுத்தால் வயிறு கெடும். பாலக்கீரையும் அதிகம் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேர விடாது. என் சர்க்கரைக்கு டாக்டர் எழுதித் தந்த பட்டியலே இதைவிடச் சின்னது.

ஆக, வேண்டியது களை. டாண்டிலையன், ரிப்வர்ட் பிளாண்டேன், மாலோ. பூங்காவில் பறிக்கலாம்தான். ஆனால் எதில் மருந்தடித்தார்கள், எதன்மேல் எந்த நாய் காலைத் தூக்கியது, யார் கண்டது? எனவே விதை வாங்கினேன். ஆமாம், காசு கொடுத்துக் களை விதை. ஆமைக்கென்றே பாக்கெட் போட்டு விற்கிறார்கள்.

என் தாத்தா களையெடுக்க ஆள் கிடைக்காமல் ஊர் ஊராய் அலைந்தவர். அவர் பேரன் தட்டில் மண் பரப்பி டாண்டிலையன் விதையைத் தூவி, “இது முளைக்க வெளிச்சம் வேணும், மேலே மண் போட்டு மூடக் கூடாது” என்று மனைவிக்கு வகுப்பெடுத்தான். மாலோவுக்கு இன்னும் உபசாரம். அது செம்பருத்தி, வெண்டைக்கு உறவு. விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், இட்லிக்கு ஊறிய உளுந்துக்குப் பக்கத்திலேயே. காலையில் மனைவி இரண்டு கிண்ணத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட்டாள்.

முளைத்ததும் ஓடில்லா நத்தைகள் வந்தன. நத்தை மருந்து ஆமைக்கும் ஆகாது. அதனால் ராத்திரியில் டார்ச்சும் கரண்டியுமாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். வசந்தம் வந்தால் புல்தரைக்கு மருந்தடித்து டாண்டிலையனை ஒழிப்பதே அவருக்கு முழுநேர வேலை.

“அது டாண்டிலையன்தானே?”

“ஆமாம்.”

“தெரிந்துதான் வளர்க்கிறீர்களா?”

ஆமை விவரத்தைச் சொன்னேன். மனிதர் உருகிவிட்டார். அன்றிலிருந்து தன் தோட்டத்துக் களையைப் பிடுங்கிப் பையில் கட்டி எங்கள் வாசலில் வைக்கிறார். அத்தனையும் மருந்தடித்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, இருட்டியதும் குப்பைத் தொட்டியில் போடுகிறேன்.

அக்டோபரில் தட்டுகள் ஒரு வழியாகச் செழித்தன. அப்போது பார்த்து ஆமை சாப்பாட்டை நிறுத்தியது. குளிர்கால உறக்கத்துக்கு முன் குடல் காலியாக வேண்டும். பிறகு 5 டிகிரி குளிரில் தூக்கம். அதற்கென்றே வாங்கிய சின்ன ஃப்ரிட்ஜுக்குள் அது நிம்மதியாகக் கண்ணை மூடியது. டாண்டிலையன் கீரை மனிதருக்கும் ஆகும் என்பதால் மனைவி பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். ஒரே கசப்பு. நான் வாய் திறக்காமல் சாப்பிட்டேன்.

“அதுக்குன்னா விதை விதையா உப்புத்தாள்ல தேய்க்கிறீங்க. எனக்கு ஒரு வெண்டைச் செடி வைக்கத் தோணிச்சா?”

“வெண்டை இந்தக் குளிர்ல வராதும்மா.”

“ஏன், அதையும் தேய்ச்சுப் பாருங்களேன்” என்று இன்னொரு கரண்டி கூட்டை என் தட்டில் வைத்தாள்.