நுகத்தடிச் சகோதரர்

வாசலில் சீட்டுக்காரர் வந்து நின்றால் சகோதரர் கேட்கும் முதல் கேள்வி: "பிரதர், நீங்க எப்ப ரட்சிக்கப்பட்டீங்க?"

"தொண்ணூத்தி நாலுல பிரதர். உபவாசக் கூட்டத்துல."

"முழுக்கு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு பிரதர்."

"தசமபாகம்?"

"மாசம் பொறந்தா அதுதான் மொதல்ல."

"ஸ்தோத்திரம்! உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க."

தேர்வு முடிந்தது. சீட்டு பதிவானதா, கமிஷன் எவ்வளவு, நடத்துகிறவர் ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டால் யாரைப் பிடிப்பது என்பதெல்லாம் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

உங்கள் வட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். நெய்வேலியில் வட்டம் என்றால் முகவரி. ஆகவே கதவு எண்ணோடு சொல்லிவிடுவீர்கள். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். என் சகலையைச் சொல்லவில்லை.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் உண்டு. வடலூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது கொத்தனாருக்கு நடந்தது. உள்ளூரில் கைதேர்ந்த கொத்தனார்கள் நாலு பேர் இருக்க, பாட்டுப் புத்தகமும் கையுமாக விருத்தாசலத்திலிருந்து ஒருவர் வந்தார். மணியாகப் பாடுவார். அவர் வைத்த படிக்கட்டில் ஒரு படி முக்கால் அடி, அடுத்தது அரை அடி. ஏறுகிறவர் எவராக இருந்தாலும் "ஆண்டவரே" என்று சொல்லாமல் மாடிக்குப் போக முடியாது. ஒரு வகையில் அதுவும் ஊழியம்தான். அதே வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு, இன்னார் இனியார் என்று கேட்காமல் இன்றுவரை சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. சகோதரர் அந்த வழியாகத்தான் தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தார்.

விசுவாசி என்றால் எல்லாக் கிறிஸ்தவர்களும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்.சி. என்றால் ஒரு புன்னகை. சி.எஸ்.ஐ. என்றால் ஒரு பெருமூச்சு. நான் லுத்தரன், கைக்குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீரோடு நின்றுவிட்டவன். வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் டெபாசிட்டும் கடனும் பார்த்தும் என்ன, முழங்கால் வரைகூட நனையாதவனிடம் யோசனை கேட்பாரா?

அவருடைய ஆதாரம் இரண்டு கொரிந்தியர் ஆறு பதினாலு. அவிசுவாசியோடு ஒரே நுகத்தில் பூட்டிக்கொள்ளாதே என்று பவுல் சொல்லும் இடம். நுகம் என்றதும் எனக்குச் சந்தைதான் ஞாபகம் வரும். மாடு வாங்கப் போகிற சம்சாரி பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். சகோதரர் மாடு "ஆமென்" சொல்கிறதா என்று பார்ப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணே, சாலொமோன் ஆலயம் கட்டினாரே, கேதுரு மரம் எங்கேருந்து வந்துச்சு?"

"லீபனோன்."

"குடுத்தது யாரு?"

"தீருவின் ராஜா ஈராம். கோதுமையும் எண்ணெயும் பதிலுக்கு வாங்கிக்கிட்டாரு."

"அவரு எந்தச் சபை?"

முறைத்தார். விடவில்லை நான். "பார்வோன் தானியக் கணக்கை யோசேப்புகிட்ட குடுத்தானே, எகிப்துக்காரன்தான் வேணும்னு நின்னிருந்தா பஞ்சத்துல என்ன ஆயிருக்கும்?"

"சகலை, அதெல்லாம் பழைய ஏற்பாடு."

"சரி, புதுசுக்கே வருவோம். பன்னெண்டு பேர்ல பணப்பை யார்கிட்ட இருந்துச்சு?"

கண்ணை மூடி எனக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். சத்தமாக.

முப்பத்தாறு வருஷம் சுரங்கத்தில் உழைத்தவர். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைத் தள்ள வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் மனுஷன் என்று வந்துவிட்டால், மேல்மண்ணைப் பார்த்ததுமே நிலக்கரி தட்டுப்பட்டுவிட்டது என்பார்.

சிரித்தது போதும். இந்த ஊரில் அறுபது வயதில் ஒரே நேரத்தில் பி.எஃபும் கிராஜுவிட்டியும் கைக்கு வரும். குவார்ட்டர்ஸ் கையைவிட்டுப் போகும். பணம் இருக்கும், கூரை இருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு பிரதர் வந்தார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், லாபத்தில் ஒரு பங்கு ஊழியத்துக்கு. பதினொரு மாதம் வட்டி வந்தது. பன்னிரண்டாம் மாதம் பிரதரும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. அக்காவின் எட்டுப் பவுன் சங்கிலியும் அந்த முதலில் கரைந்து போயிருந்த விஷயம் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"போலீசுக்குப் போவோம்ணே. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம்ம தமிழ்நாட்டுல 1997-லேருந்து இருக்கு. பொருளாதாரக் குற்றப்பிரிவுல எழுதிக் குடுப்போம்" என்றேன்.

"விசுவாசி மேல கேஸ் போடக் கூடாது சகலை. ஒண்ணு கொரிந்தியர் ஆறு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே பவுல், இரண்டு கடிதம், இரண்டிலும் ஆறாம் அதிகாரம். மோசக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே நுழைய இரண்டாம் கடிதம், வெளியே ஓட முதல் கடிதம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து பாப்டிஸ்ட் அறக்கட்டளை ஒன்று இப்படித்தான் நம் சபை, நம் ஜனம் என்று பணம் திரட்டி 1999-இல் திவாலானது. போட்டவர்கள் 11,000 பேருக்கு மேல். அவர்களும் படிக்காதவர்கள் இல்லை, நம்பினவர்கள்.

ஆனாலும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. சபைக் காணிக்கை எண்ணும்போது ஒரு ஞாயிறு இரண்டு ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது என்று இரவு பத்து மணிவரை நோட்டைப் புரட்டிய ஆள். ஸ்தோத்திரம் சொல்கிற எல்லோரும் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

மிச்சம் இருந்ததைப் போன வாரம் வங்கியில் போட அழைத்துப் போனேன். கவுன்டரில் விபூதிப் பட்டையோடு ஒரு பையன். பான் கார்டு கேட்டான், ஆதார் கேட்டான், போட்டோ கேட்டான்; கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மறுபடி போடச் சொன்னான்.

"என்ன சகலை, இந்தத் தம்பி நம்பவே மாட்டேங்குறான்?" என்றார் என் காதில்.

எழுந்திருக்கும்போது பழக்க தோஷத்தில் அவனைப் பார்த்தும் கைகூப்பி, "ஸ்தோத்திரம் தம்பி" என்றார்.

"நாமினி பேரு எழுதலியே சார்" என்றான் பையன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.